கியர் ராடில் அதிர்வு

நவம்பர் 5

பேரிங் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதமும் மேஜையடியில் கிடந்தது. இன்றிலிருந்து பச்சை வண்டியின் வேலையை மட்டும் இதில் எழுதப்போகிறேன். வேறு எதையும் எழுதும் உத்தேசம் இல்லை.

பச்சை வண்டி எங்கள் சொந்த வண்டி. குன்னூரில் ஒரு எஸ்டேட் மேனேஜரின் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். இன்ஜின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றால்தான் குளிர வேண்டும். ஜனவரியில் பழைய கார் சங்கம் ஏற்காட்டு மலையில் நேரம் பார்த்து ஏற்றும் ஓட்டத்துக்கு அவர் பெயர் கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு அதே மலையில் ஓட்டியவர். ஒரு தடவைகூட முதலாவது வந்ததில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டுமாம்.

சிங்காநல்லூரில் இந்தப் பட்டறை என் அப்பாவுடையது. டிப்ளமோ முடித்துவிட்டு நான் நேராக லேத் முன்னால் வந்து நின்றேன். சிகாமணி என்னைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கும் வந்து சேர்ந்தார். இன்ஜினைத் திறப்பது நான், ஓட்டிப் பார்ப்பது அவர். எங்களுக்குள் பாகப்பிரிவினை அவ்வளவுதான்.

இன்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்கியதும், "அதிருது" என்றார்.

கூடப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது கியரில் இழுத்துப் பிடித்தால் ஒரு ரீங்காரம் தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறுகிறது. அது நிஜம். ஆனால் அவர் அதை மட்டும் சொல்லவில்லை. சாதாரணமாகப் போகும்போதே கியர் ராடில் கை வைத்தால் அதிர்கிறது என்றார். நான் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும் என்றார்.

நவம்பர் 9

இன்ஜினை இறக்கிப் பிரித்து, உள்ளே சுழலும் கிராங்க் தண்டை மறுபடி பேலன்ஸ் மெஷினில் ஏற்றினேன். பேலன்ஸ் அப்படியே இருக்கிறது. திரும்பப் பூட்டி ஓட்டினால் அதே ரீங்காரம்.

புனேயிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண், அதிர்வைப் பற்றி மட்டுமே படித்தவளாம். சங்கத்தில் யாரோ அவரிடம் சொன்னார்களாம். ஒரு இன்ஜினுக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். அதற்குள் அவளுக்குப் போன் செய்துவிட்டிருந்தார்.

நவம்பர் 12

அந்தப் பெண் வந்தாள். பெயர் சுகிர்தா. ஊர் நாகர்கோவில். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். இதெல்லாம் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டது. நான் கேட்கவில்லை.

கிராங்க் முனையில் பெல்ட்டைச் சுற்றும் புல்லியின் பக்கத்தில் ஒரு சென்சாரை ஒட்டி, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இன்ஜினை முடுக்கச் சொன்னாள். கோடு ஒன்று ஓரிடத்தில் மலை மாதிரி எழுந்தது. பிறகு, நான் கை துடைத்துப் போட்டிருந்த துணியை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிக் காட்டினாள். சிலிண்டர் ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் கிராங்க் சுற்றுவதோடு நில்லாமல் இப்படிக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்புகிறதாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வெடிப்பும் முறுக்கலும் ஒன்றுக்கொன்று தாளம் சேர்ந்துவிடுகின்றனவாம். பிறகு அது ஏறிக்கொண்டே போகுமாம், ஒருநாள் கிராங்கே ஒடியலாமாம்.

"பேலன்ஸ் அருமையா இருக்கு அக்கா. இது வேற சூக்கேடு" என்றாள். நோயை அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது.

அதற்கு மருந்து டேம்பர். புல்லி இருக்கும் இடத்தில் அதைப் பூட்ட வேண்டும். நடுவில் ஒரு குடம், அதைச் சுற்றி ரப்பர், அதற்கும் வெளியே கனமான இரும்பு வளையம். குடம் முறுக்கினால் வளையம் உடனே கூட வராது. நடுவில் இருக்கும் ரப்பர் அந்த இழுபறியை வாங்கிச் சூடாக்கி வெளியே விட்டுவிடும். இந்த இன்ஜினைச் செய்தவர்கள் வேகம் குறைவு என்று அதை வைக்கவில்லை. நான் சக்தியைக் கூட்டிக் கட்டியதால் இப்போது தேவைப்படுகிறது. அதாவது என் வேலையால் வந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது.

அவர் அவளிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கிராங்க் ஏன் முறுக்குகிறது, ரப்பர் எத்தனை நாள் வரும், விரலால் தொட்டால் தெரியுமா. என்னிடம் இத்தனை வருஷத்தில் கேட்டது ஒரே கேள்விதான்: எப்போ முடியும்.

இன்னொன்று. என்னை அக்கா என்கிறாள். அவரை சார் என்கிறாள். அக்கா புருஷன் எப்படி சார் ஆவார்?

நவம்பர் 14

அவர் பட்டறைக்கு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தார். நேற்றும் அப்படித்தான். பொத்தான் வைத்த சட்டைகள் இஸ்திரி கலையாமல் அலமாரியில் தொங்குகின்றன.

நவம்பர் 19

டேம்பரை நானே கடைந்தேன். அவள் கணக்குப் போட்டுக் கொடுத்த அளவு. பூட்டி முடுக்கியதும் இன்ஜினைச் சுற்றியுள்ள தகட்டில் வளையம் உரசியது. அந்தச் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது என்று இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை.

அவள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். நான் இரண்டு விஷயம் சொன்னேன். குடத்தை மெல்லிசாக்க வேண்டும். அதோடு, பெல்ட் ஓடும் பள்ளத்தின் விட்டத்தைக் குறைத்திருக்கிறாய், அப்படியானால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், காற்றை மட்டும் நம்பியிருக்கிற இன்ஜின் மலை ஏறும்போது வெந்துவிடும். அவள் கண் விரிந்தது. இதை யோசிக்கவே இல்லை அக்கா என்று உடனே எழுதிக்கொண்டாள். நல்ல பெண்தான், கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை.

நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. வெளியில் போனில் இருந்தார்.

சூட்டைத் தாங்கும் சிலிக்கான் ரப்பர் வேண்டும். பல்லடத்தில் கிடைக்கும். நான் போய் வாங்கி வருகிறேன் என்று அவரே முன்வந்தார். ரப்பர் வாங்கப் போவதற்கு இத்தனை உற்சாகம் நான் பார்த்ததில்லை.

நவம்பர் 24

இரண்டாவது டேம்பர் பொருந்தியது. ஒரு இடத்திலும் உரசவில்லை. முடுக்கினோம். லேப்டாப்பில் மலையாக நின்ற கோடு மேடாகிவிட்டது. ரீங்காரம் போயே போய்விட்டது. சுகிர்தா கிரீஸ் படிந்த என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் சிரித்தேன். ஒளிப்பானேன், அந்த நேரம் அவளை எனக்குப் பிடித்திருந்தது. தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தேன். அதைக் கவனித்துச் சொன்னது அவள் ஒருத்திதான்.

அவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "இன்னும் இருக்கு" என்றார்.

எங்கே என்று கேட்டோம். கியர் ராடில் என்றார்.

சுகிர்தா சின்ன சென்சார் ஒன்றையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். எனக்கு லேத்தில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது, விட முடியவில்லை. பல்லடம் ரோடு வரை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியவர்கள் பொழுது சாயும்போதுதான் வந்தார்கள். அவள் தேநீர்கூடக் குடிக்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. ரோட்டில் தூசி அதிகம்.

என்ன கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டுமாம் என்றார். வண்டியைவிட்டு இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 25

தலைக்கு மை போட்டேன். தீபாவளிக்கே போட்டிருக்க வேண்டியது.

நவம்பர் 30

ஞாயிறு. மகள் இனியா ஓசூரிலிருந்து பேசினாள். அப்பா ஏன் இப்போதெல்லாம் எழுதி அனுப்பாமல் குரலாகவே பேசி அனுப்புகிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். எழுதினால் யாராவது எடுத்துப் படித்துவிடலாம். பேசியதை ஒருவர் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

தேநீர் அரை டம்ளர் போதும் என்கிறார். சுகிர்தாவும் அரை டம்ளர்தான் குடிப்பாள்.

பேசும்போது இடது கையை பேன்ட் பையில் விட்டுக்கொண்டு நிற்கிறார். படத்தில் வருகிற மாதிரி. கல்யாணத்தின்போதுகூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

டேம்பர் வேலை முடிந்துவிட்டது. இருந்தாலும் அவள் இந்த வாரம் இரண்டு தடவை வந்துவிட்டாள்.

டிசம்பர் 6

காலையில் அவர் பல்லடம் போனார். ரப்பர் இன்னொரு துண்டு கையிருப்பில் இருக்கட்டும் என்றார். மத்தியானம் கேஸ்கட் கொண்டுவந்த சண்முகசுந்தரம், பேச்சுவாக்கில், அவினாசி ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் உங்க வீட்டுக்காரரையும் ஒரு லேடியையும் பார்த்தேன், கூப்பிட்டேன், கவனிக்கவில்லை என்றார். பல்லடம் ஒரு திசை, அவினாசி ரோடு ஒரு திசை.

ஆமாம், எங்கள் இன்ஜினியர்தான், ஒரு வேலையாகப் போனார்கள் என்றேன். கேஸ்கட்டை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ரப்பர் எங்கே என்று கேட்டேன். கடை பூட்டியிருந்தது என்றார்.

டிசம்பர் 7

சாப்பிடும்போது ரசத்தைத் தட்டிவிட்டார். வேஷ்டியெல்லாம் ரசம். நான் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன். அவரே பாதியில் எழுந்து போய்விட்டார். குற்றமுள்ளவனுக்குச் சோறு இறங்காது என்று தட்டைக் கழுவும்போது நினைத்தேன்.

டிசம்பர் 10

அவர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பல்லடம் ரோட்டில் போய், பாப்பம்பட்டிப் பிரிவுக்கும் அப்பால் ஓட்டினேன். எல்லா கியரிலும், எல்லா வேகத்திலும். ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை கியர் ராடிலும் வைத்துக்கொண்டே ஓட்டினேன்.

அதிர்வே இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. நான் கட்டியதிலேயே இதுதான் நல்ல இன்ஜின்.

வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். இல்லாத அதிர்வை இருக்கிறது என்று ஒரு மனிதர் ஏன் சொல்ல வேண்டும்? சரியாகிவிட்டது என்று சொன்னால் அவள் வரமாட்டாள். அதனால்தான்.

இப்படித் தெளிவாகப் புரிந்தது ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. காரணம் தெரியாத சத்தம்தான் மெக்கானிக்கைக் கொல்லும்.

டிசம்பர் 11

மத்தியானம் சுகிர்தா வீட்டுக்குப் போனேன். சாய்பாபா காலனியில் மாடி வீடு. கதவைத் திறந்தவள் முகம் மாறியது. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே பேசினேன். வண்டியை நானே ஓட்டிப் பார்த்தேன், அதிர்வு இல்லை, உனக்கு அது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் அக்கா. வண்டியில ஒண்ணும் இல்ல. அன்னைக்குப் பல்லடம் ரோட்டுலயே பாத்துட்டேன்."

அப்புறம் எதற்கு வந்துகொண்டே இருக்கிறாய், அவினாசி ரோட்டில் என்ன வேலை என்று கேட்டேன். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் இன்னும் நிறைய இருந்தன. சிலவற்றைச் சொன்னேன். எழுத மாட்டேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நான் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் அக்கா. அவருதான் சொல்லணும். சொல்லுங்க சார், அக்காட்ட சொல்லுங்கன்னு நான் கேக்காத நாளில்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னைக்கு அவரு டிவி பாத்துட்டு சும்மா இருக்கும்போது, பக்கத்துல போய் இருங்க. இடது கையைப் புடிச்சுப் பாருங்க. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்து சமைத்தேன். என்ன சமைத்தேன் என்று நினைவில்லை. ஏழு மணி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை மடியில் ஒரு தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் சோபாவில் நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ காலமாயிற்று, திரும்பிப் பார்த்தார். நான் தலையணையை எடுத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன்.

அது ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி. நான் இறுக்கிப் பிடித்தேன். நிற்கவில்லை. என் கைக்குள்ளேயே ஓடியது.

அவர் டிவியை அணைத்தார்.

டிசம்பர் 12

நேற்று அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

பல்லடம் ரோட்டில் சுகிர்தா கியர் ராடில் சென்சாரை ஒட்டி ஓடவிட்டிருக்கிறாள். கோடு ஆடியிருக்கிறது. கையை எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"கைய எடுத்தா கோடு நேராயிருச்சு. வெச்சா மறுக்கா ஆடுது. நானே திரும்பத் திரும்ப வெச்சு எடுத்துப் பாத்தேன். வண்டியில்ல பூங்கொடி, என்ற கைதான்."

அவளுடைய அப்பாவுக்கும் இப்படி இருந்ததாம். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, டாக்டரிடம் போக வேண்டும் என்று அவள்தான் சொன்னாளாம். இவர் தனியாகப் போகப் பயந்து, அவளைக் கூட வரச்சொல்லியிருக்கிறார். அவினாசி ரோட்டில் நரம்பு டாக்டர். டிசம்பர் ஆறாம் தேதி உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். பார்க்கின்சன். ஆரம்பம்தான், மாத்திரையில் கட்டுப்படும், மெதுவாகத்தான் கூடும், ஆனால் போகாது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து இருவரும் பேக்கரியில் காபி வாங்கிக் குடிக்காமல் நின்றிருக்கிறார்கள். சண்முகசுந்தரம் பார்த்தது அதைத்தான்.

பொத்தான் போட வரவில்லை, அதனால் டி-ஷர்ட். போனில் எழுத்து வரவில்லை. முழு டம்ளர் என்றால் சிந்தும். இது எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான்தான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன்.

"உங்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே பிரிச்சு மேஞ்சிருப்ப. எதனால வந்துச்சு, எந்த டாக்டரு, என்ன மருந்துன்னு. சரி பண்ணாம விடமாட்ட. இது சரியாகாதாம். சரியாகாத ஒண்ணக் கொண்டாந்து உன்ற முன்னால வெக்க எனக்குத் தைரியம் வர்ல."

டிசம்பர் 15

சந்தேகம் போய்விட்டது. பொறாமை போகவில்லை. அப்படியே இருக்கிறது, இன்னும் கூடியிருக்கிறது.

அவர் என் வண்டியில், நான் கட்டிய இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அவள் முன்னால் உடைந்து அழுதிருக்கிறார். டாக்டர் அறையில் எனக்கு உரிய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இதைவிட அவர்கள் எங்காவது சினிமாவுக்குப் போயிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? அவள் செய்ததெல்லாம் நல்லது.

டிசம்பர் 19

சென்சார்களை எடுத்துக்கொண்டு போக சுகிர்தா வந்தாள். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். என் அம்மாவும் இப்படித்தான் அக்கா, அப்பா தன்னிடம் மறைத்து என்னிடம் மட்டும் சொன்னதற்கு என்மேல் கோபப்பட்டாள் என்றாள். டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரை எப்போது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் புருஷனைப் பற்றி இன்னொருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லி விளக்க முடியாது.

தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 23

ஏற்காடு விஷயத்தில் சண்டை. ரோட்டில் ஓட்டலாம், பந்தயம் கூடாது என்பது டாக்டர் சொன்னது. இவர் மாத்திரை போட்டால் கை நிற்கிறது, ஒரே ஒரு தடவை என்கிறார். முடியாது என்றேன். உனக்கென்ன தெரியும், அந்த மலைக்காகத்தான் நான் இருபது வருஷமாக உன் பட்டறையில் நின்றேன் என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். பெயரை எடுக்க வேண்டாம், நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை.

ஜனவரி 3

காலையில் ஆனைகட்டி மலையில் பழகினோம். வளைவு வருமுன் கியரைக் குறை, சீக்கிரம், சீக்கிரம் என்று கத்திக்கொண்டே வந்தார். நான் இரண்டு தடவை ரோட்டை விட்டு இறங்கினேன். பிரேக்கை இப்படி மிதித்தால் டேம்பர் வைத்தும் பிரயோஜனமில்லை என்றார். டேம்பருக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை என்றேன்.

ஜனவரி 10

இன்று ஒரு தடவைகூட இறங்கவில்லை. இன்ஜின் சொல்வது எனக்குக் கேட்கிறது. எங்கே மூச்சு வாங்கும், எங்கே இன்னும் இழுக்கும் என்று அவருக்குக் காலால் தெரிந்தது எனக்குக் காதால் தெரிகிறது. உச்சிக்கு வந்து நிறுத்தி அவரைப் பார்த்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"ம். பரவால்ல" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். இந்த இரண்டு மாதமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

ஜனவரி 15

பொங்கல் வைத்தோம். இனியா வந்திருக்கிறாள். அவளிடம் அவரே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். இந்தத் தடவை நான் பக்கத்தில் இருந்தேன்.

ஜனவரி 18

ஏற்காடு. அடிவாரத்தில் பனி விலகவில்லை. பன்னிரண்டு பழைய வண்டிகள். ஓட்டுகிறவர்களில் பெண் நான் ஒருத்திதான். சங்கத் தலைவர் என்னிடம் வராமல் அவரிடம் போய், என்ன சிகாமணி, வீட்டம்மாவை ஏற்றிவிட்டீர்கள் என்று சிரித்தார். அவர் தன் கையைக் காட்டி, எனக்கு உடம்பு சரியில்லை, இன்ஜின் கட்டினதும் அவள்தான், ஓட்டுவதும் அவள்தான் என்று சொன்னார். இன்ஜின் கட்டியது நான் என்று அவர் வெளியாளிடம் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. தலைவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கொடி விழுந்ததும் மற்றது எல்லாம் மறந்துபோனது. வளைவுகளை அவர் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் மட்டும்தான் கேட்டது, அந்தக் குரல் துளியும் நடுங்கவில்லை. பாதி மலையில் முழுச் சக்தியைக் கொடுத்தேன். முன்பு ரீங்கரித்த இடத்தைத் தாண்டி, இன்னும் மேலே போனது இன்ஜின். காலுக்குக் கீழே தரை அதிரவில்லை. நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர் "பிரேக்" என்றார். நான் மிதிக்கவில்லை. இன்ஜின் பிரேக் வேண்டும் என்று கேட்கவில்லை, அதனால் மிதிக்கவில்லை. வண்டி பின்பக்கம் கொஞ்சம் சறுக்கிப் பிடித்துக்கொண்டது.

நான்காவதாக வந்தோம். மூன்றாவது வண்டிக்கும் எங்களுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். முடியும் இடத்தில் சுகிர்தா நின்றிருந்தாள். பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அவர் இறங்கியதும் எப்படி இருந்தது சார் என்று அவரைத்தான் முதலில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்றார் அவர். அந்தக் குரலில் சந்தோஷம் மட்டும் இல்லை. அவளுக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் சேலம் தாண்டினோம். சங்ககிரிப் பக்கம் ஒரு கடையில் நிறுத்தினேன். இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த வளைவுல நான் ஓட்டின காலத்துல ஒவ்வொரு தடவையும் பிரேக் புடிச்சேன். அங்கதான் தோத்தேன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." அப்புறம் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்ற மேல எனக்குப் பொறாமையா இருக்கு அம்மணி. சொல்லக்கூடாதுன்னு பாத்தேன். முடியல."

நானும் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அவ மேல. இன்னமும் இருக்குதுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜனவரி 19

உடம்பெல்லாம் வலி. இன்ஜின் ஆயிலை மாற்றினேன். டேம்பரைக் கழற்றி ரப்பரைப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, இறுகவும் இல்லை. அந்தப் பெண் போட்ட கணக்கு சரியான கணக்கு.

புதன்கிழமை டாக்டர் வரச்சொல்லியிருக்கிறார். மாத்திரை அளவை மாற்றுவார்களாம். சுகிர்தாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், அவளையும் கூப்பிடலாமா, மூன்று பேராகப் போகலாம் என்று அவர் கேட்டார்.

இரண்டு பேர் போதும் என்றேன்.